ஹமீது காக்காவுக்குப் பக்கத்து இடம்

1

போன வெள்ளிக்கிழமை ஹமீது காக்காவின் முதலாண்டு ஃபாத்திஹா, இறந்து வருடம் திரும்பிய நாள். எங்கள் பக்கம் காக்கா என்றால் அண்ணன். நெய்ச்சோறும் தாளிச்சாவும் ஆக்கி, ஓதி, வந்தவர்களுக்குக் கட்டிக்கொடுத்து, அண்டாவைக் கழுவிக் கவிழ்த்தோம். மறுநாள் காலையில் காலிங் கார்டைத் தேடி எடுத்து மதுரையிலிருக்கும் மல்லிகாவுக்குப் போன் செய்தேன். மல்லிகாவும் நானும் ஒரே கல்லூரியில் தாவரவியல் எம்.எஸ்ஸி. படித்தவர்கள். அவள் இப்போது பேராசிரியை. நான் அமெரிக்காவில், குபெர்டினோ என்ற ஊரில், ஒரு கம்ப்யூட்டர் கம்பெனி எஞ்சினியரின் மனைவி.

"நீ அங்க என்னதான்டி பண்ற? ஒவ்வொரு தடவையும் கேக்குறேன், மழுப்புற."

"ஒரு பாறையப் பாத்துக்கறேன்."

"பாறை என்ன எந்திரிச்சு ஓடிருமா? சரி, சம்பளம் எவ்வளவு?"

"சம்பளம் இல்ல."

மறுமுனையில் சத்தமே இல்லை. கார்டு தீர்ந்துவிட்டதோ என்று நினைத்தேன். தீரவில்லை. மல்லிகா எனக்காக வருத்தப்பட்டுக்கொண்டிருந்தாள்.

அவளுக்குப் போனில் சொல்லி மாளாது. அவளைப் போலவே ஊரில் பலருக்கும் இந்தச் சந்தேகம் இருப்பது தெரியும். அதனால் எழுதிவிடுகிறேன்.

எனக்கு இருப்பது எச்-4 விசா. கணவரின் விசாவோடு ஒட்டிக்கொண்டு வரும் விசா. சமைக்கலாம், கார் ஓட்டலாம், பிள்ளையைப் பள்ளிக்கூடத்தில் விடலாம். சம்பளத்துக்கு மட்டும் வேலை பார்க்கக் கூடாது. கிரீன் கார்டு வந்தால் பார்க்கலாம். அதற்கு ஒரு வரிசை இருக்கிறது. அது சில மாதம் முன்னால் நகரும், சில மாதம் பின்னால் போகும். ஊர் ரேஷன் கடையில் எத்தனையோ வரிசையில் நின்றிருக்கிறேன். பின்னோக்கிப் போன வரிசையை இங்கேதான் பார்த்தேன்.

வீட்டில் உட்கார்ந்து உட்கார்ந்து எனக்குக் கிறுக்குப் பிடிக்கும் போலிருந்த சமயத்தில்தான் நூலகத்தில் அந்த அறிவிப்பைப் பார்த்தேன். அரிய செடிகளைக் காப்பாற்றத் தன்னார்வலர்கள் வேண்டும். என் கணவர் அன்வர் பயந்த சுபாவம். "எதுக்கும் லாயர்ட்ட கேட்டுக்கறேன் மெஹரு" என்றார். சம்பளம் இல்லையென்றால் செய்யலாம் என்று வக்கீல் பதில் எழுதினார். முதல் நாளே அந்த அமைப்பில் எனக்கு ஒரு டி-சர்ட் கொடுத்துவிட்டார்கள். "இது சம்பளத்துல சேருமா?" என்று அன்வர் கேட்டு, மறுபடியும் வக்கீலுக்கு மெயில் அனுப்பினார். அதற்குப் பதில் வரவேயில்லை. ஒரு வாரம் அது கவரைப் பிரிக்காமலே கிடந்தது. பிறகு நான் எடுத்துப் போட்டுக்கொண்டேன். பிடித்துக்கொண்டு போனால் போகட்டும்.

என் மகள் நஸ்ரினுக்குப் பதின்மூன்று வயது. நாம் பேசும் தமிழ் எல்லாம் புரியும். பதில் ஆங்கிலத்தில்தான் வரும். உம்மா என்று கூப்பிட்டுக்கொண்டிருந்தவள் எப்போது மாம் என்று மாறினாள் என்பதை நான் கவனிக்கத் தவறிவிட்டேன். "மாம், யூ ஹாவ் எ மாஸ்டர்ஸ். அண்ட் யூ புல் வீட்ஸ்? ஃபார் ஃப்ரீ?" என்றாள் ஒரு நாள். சேறு படிந்த ஷூவோடு பள்ளிக்கூட வாசலில் இறங்க வேண்டாம் என்றும் கேட்டுக்கொண்டாள். எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. ஆனால் அவள் கேட்டதும் மல்லிகா கேட்டதும் ஒன்றுதான். மல்லிகா தமிழில் கேட்டாள், அவ்வளவே.

2

செடியைப் பற்றிச் சொல்ல வேண்டும். அதற்கு முன்னால் மழையைப் பற்றி.

கலிபோர்னியாவில் குளிர்காலத்தில்தான் மழை. வசந்தம் முடியும்போது மழை கடையைக் கட்டிவிடும். பிறகு நவம்பர் வாக்கில்தான் திறக்கும். நம்மூரில் கத்திரி வெயிலிலும் ஒரு கோடை மழை வந்து மண் வாசனையைக் கிளப்பிவிட்டுப் போகும். இங்கே அந்தப் பேச்சே இல்லை. மத்தியதரைக் கடலைச் சுற்றியுள்ள நாடுகளிலும், உலகத்தில் இன்னும் சில மூலைகளிலும் மட்டும்தான் இப்படி ஒரு பருவம். குளிரில் நனைந்து வெயிலில் காய்ந்து பழகிய செடிகள் இங்கே ஏராளம். அவற்றில் பல, வேறு எங்கேயும் கிடையாது. மனிதர்கள் வீடு கட்ட ஆசைப்படும் இடங்களும் இவைதான். பிரச்சினை அதுதான்.

சான் ஹோசேக்குத் தெற்கே உள்ள குன்றுகளில் பச்சை ஓடிய ஒரு வகைக் கல் உண்டு. அந்தக் கல்லிலிருந்து வந்த மண்ணில் சத்து கிடையாது. செடிக்கு ஆகாத உலோகங்கள்தான் உண்டு. மற்ற செடிகள் அங்கே முளைத்தால் முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்ளும். அதற்கென்றே பழகிய சில செடிகள் மட்டும் சௌக்கியமாக இருக்கும். அதில் ஒன்று டட்லியா. நம்மூர் ரணகள்ளிக்கு ஒன்றுவிட்ட உறவு. சதைப்பற்றான இலைகள், பூ விரிந்தது போல ஒரு வட்டம், மேலே சாம்பல் பூசிய நிறம். நம் வீட்டுப் புட்டுக் கிண்ணத்துக்குள் அடங்கிவிடும். பாறை இடுக்கில் வேர் விட்டு உட்கார்ந்திருக்கும். இந்தப் பள்ளத்தாக்கைச் சுற்றியுள்ள குன்றுகளை விட்டால் அந்த வகைக்கு வேறு ஊர் கிடையாது.

எங்களுக்கெல்லாம் பொறுப்பாளர் சூசன் என்ற அம்மாள். வெயிலில் காய்ந்து சிவந்த முகம், ஆண்கள் போடும் பெரிய பூட்ஸ், வாயில் எப்போதும் ஒரு புல் குச்சி. அவள் சொல்லிக்கொடுத்த முதல் பாடம், எதையும் நடாதே, முதலில் பிடுங்கு. பிடுங்க வேண்டியது ஐரோப்பாவிலிருந்து வந்த புல்லை. முன்பெல்லாம் இந்தச் சத்தில்லாத மண்ணில் அது தலையெடுக்க முடியாமல் இருந்தது. இப்போது ஃப்ரீவேயில் ஓடும் கார்களின் புகையில் உள்ள நைட்ரஜன் குன்றின் மேல் படிந்து படிந்து, காசில்லாமல் உரம் போட்டது போல் ஆகிவிட்டது. புல் கொழுத்து, டட்லியாவை மூடிவிடுகிறது. செடியைக் காப்பாற்றக் காரில் போகிறோம். அந்தக் கார்தான் புல்லுக்கு உரம் போடுகிறது. இதைச் சூசனிடம் சொன்னேன். "தெரியும், சைக்கிளில் வருகிறாயா?" என்று கேட்டாள்.

பக்கத்துக் குன்றில் மாடுகளை விட்டுப் புல்லை மேய வைக்கிறார்கள். நான் பார்த்துக்கொள்ளும் பாறை இருப்பது எங்கள் ஜமாஅத்தின் அடக்கத்தலமான மையவாடியில். கபர்களுக்கு நடுவே மாட்டை விட முடியாது. அதனால் மாட்டுக்குப் பதிலாக நான். மல்லிகாவிடம் போனில் சொல்லத் தயங்கியது இதைத்தான்.

3

மையவாடி என்றால் பெரிதாக ஒன்றுமில்லை. ஒரு பழைய பண்ணை நிலத்தின் மூலையைப் பல நாட்டு முஸ்லிம் குடும்பங்கள் சேர்ந்து வாங்கியது. அதற்கு முன்பு, யாராவது மவுத்தானால் அந்த உடலை எங்கெங்கோ தூரத்துக்கு வேனில் கொண்டுபோக வேண்டியிருந்தது. மேல் பாதியில் அடக்கம் செய்ய, நம்மூர் மாவட்ட நிர்வாகம் போன்ற கவுண்டி அனுமதி கொடுத்துவிட்டது. பாறை இருக்கும் கீழ்ப் பாதிக்குக் கொடுக்கவில்லை. குளிர்காலத்தில் வந்து பார்ப்பார்கள். அந்தச் செடி எங்கெல்லாம் இருக்கிறதோ அங்கெல்லாம், சுற்றிலும் கொஞ்சம் இடம் விட்டு வேலி போட்டுவிடுவார்கள். வேலிக்குள் மண்வெட்டி படக் கூடாது. செடி இல்லாத இடம் எங்களுக்கு.

2005-ன் தொடக்கத்தில், நல்ல மழை நாளில், ஹமீது காக்கா மவுத்தானார். மேல் பாதியின் கீழ் ஓரத்து இடம் அவருக்குக் கிடைத்தது. ஒரு பக்கம் ஏற்கெனவே ஓர் ஆப்கானியப் பெரியவர். மறுபக்கம் ஒரு காலியிடம். அங்கிருந்து கீழ்ப் பாதி தொடங்குகிறது. அதைத் தாண்டினால் பாறை.

கபரில் ஊன்றப் பச்சைக் கொம்பு வேண்டும் என்றார்கள். ஊரில் யார் வேலியிலாவது ஒடித்துக்கொள்ளலாம். இங்கே எந்த மரமும் யாருடையதோ. அன்வர் தன் ஆபீஸ் வளாகத்து ஆலிவ் மரத்தில் ஒரு கொம்பை ஒடித்து, லேப்டாப் பைக்குள் மறைத்துக் கொண்டுவந்தார். டி-சர்ட்டுக்கு வக்கீலைக் கேட்ட மனிதர். கொம்பு பச்சையாக இருக்கும்வரை அது இறைவனைத் துதித்துக்கொண்டிருக்கும், உள்ளே இருப்பவருக்கு அது ஆறுதல் என்பது நம்பிக்கை. இதை ஒப்புக்கொள்ளாதவர்களும் எங்களில் உண்டு. அன்றைக்கு யாரும் வாதாடவில்லை.

காக்காவின் மனைவியை இங்கே எல்லோரும் ஜொஹரா ஆன்ட்டி என்பார்கள். எனக்கு மட்டும் ராத்தா, அதாவது அக்கா. நான் ராமநாதபுரம், அவர் கீழக்கரை, அந்த உரிமை. ஐம்பது வயதைத் தாண்டியவர். பதினாறில் கல்யாணம். கல்யாணமான கையோடு காக்கா கொழும்புக்குப் போனார், பிறகு சிங்கப்பூர், பிறகு துபாய். இரண்டு வருடத்துக்கு ஒரு முறை வருவார், பெட்டியைப் பிரிப்பார், பிள்ளையைக் கொஞ்சுவார், போய்விடுவார். கீழக்கரையில் பல வீடுகளில் அப்படித்தான். மகன் படித்து சன்னிவேலில் வேலைக்கு வந்து, பெற்றவர்கள் இருவரையும் வரவழைத்த பிறகுதான் அவர்கள் ஒரே வீட்டில் சேர்ந்தாற்போல் இருந்தார்கள். "நாங்க குடித்தனம் பண்ணுனதே இங்கதான் மெஹரு" என்பார் ராத்தா. டீக்கு எவ்வளவு சீனி போடுவது என்பதைக் கூட இங்கே வந்துதான் சண்டை போட்டுத் தெரிந்துகொண்டார்கள்.

கணவரை இழந்தவர்கள் நாலு மாதம் பத்து நாள் வீட்டோடு இருப்பது இத்தா. அந்த மாதங்களில் ராத்தா வீட்டை விட்டு வெளியே வரவில்லை. பார்க்கப் போனபோது என்னிடம் ஒன்றே ஒன்றுதான் கேட்டார். "அவருக்குப் பக்கத்துல ஒரு எடம் சும்மா கெடக்காம்ல. அத எனக்குன்னு எழுதிரச் சொல்லு." மையவாடிக் கமிட்டித் தலைவர் பஷீர் அங்கிளிடம் சொன்னேன். "குளிருக்கு கவுண்டி வந்து பாக்கட்டும், இன்ஷா அல்லாஹ்" என்றார்.

4

இத்தா முடிந்து ராத்தா வெளியே வந்தபோது கோடை. ஊரில் எங்கள் பக்கம் பெண்கள் மையவாடிக்குப் போகும் வழக்கம் இல்லை. இங்கே தடுப்பார் யாருமில்லை. பஷீர் அங்கிளும் அவர் மனைவியும் ஜும்ஆ தொழுகை முடிந்து வெள்ளிக்கிழமைதோறும் அவரைக் காரில் கூட்டிக்கொண்டு போனார்கள். காக்காவை அடக்கியபோது குன்று பச்சைப் பசேலென்று இருந்தது. ராத்தா அதைப் பார்க்கவில்லை. அவர் பார்த்தது காய்ந்து வெளுத்த குன்றை.

ஆகஸ்டில் ஒரு நாள் புல் பிடுங்கப் போன நான் பாறையைப் பார்த்துத் திகைத்தேன். டட்லியா கோடையில் சுருங்கிவிடும். இலை சிவந்து, வற்றி, செத்தது போல் கிடக்கும். அது சாவு இல்லை, இருப்பு. அப்படித்தான் இருக்க வேண்டும். ஆனால் கபர்ப் பக்கமாக இருந்த செடிகள் உப்பிப் போயிருந்தன. தொட்டால் கொழகொழவென்று விரலோடு வந்தது. நாற்றம் வேறு. சூசனுக்குப் போன் செய்தேன். "யாரோ தண்ணீர் ஊற்றுகிறார்கள். கண்டுபிடித்து நிறுத்து, இல்லாவிட்டால் மழை வருவதற்குள் அந்தப் பக்கம் முழுக்கப் போய்விடும்" என்றாள்.

வெள்ளிக்கிழமை போய் நின்றேன். ராத்தா இரண்டு கையிலும் பால் வாங்கும் பிளாஸ்டிக் கேன்களில் தண்ணீரோடு வந்தார். முதலில் கபரின் தலைமாட்டிலிருந்து கால்மாடு வரை ஊற்றினார். பிறகு துளிர்த்திருந்த ஆலிவ் கொம்புக்கு. அதற்குப் பிறகு பாறைப் பக்கம் போய்க் குனிந்து, உள்ளங்கையில் தண்ணீரை ஏந்தி ஒவ்வொரு டட்லியாவுக்கும் விட்டார். "குடி... குடிம்மா. நாக்கு வறண்டு கெடக்கியே" என்று அதனிடம் பேசிக்கொண்டிருந்தார்.

கீழக்கரை உப்புத் தண்ணீர் ஊர். நல்ல தண்ணீரைக் குடம் கணக்கில் விலைக்கு வாங்கிக் குடித்தவர். அவர் ஊரில் தண்ணீர் கொடுப்பதைவிடப் பெரிய தர்மம் இல்லை. நான் அவரைத் தடுக்காமல் கார்கள் நின்ற பக்கம் போனேன். தன் காரின் ஓட்டுநர் இருக்கையில் இருந்த பஷீர் அங்கிள் கண்ணாடியை இறக்கினார்.

"என்ன மெஹரு, செடி எப்படி இருக்கு?"

"அழுகுது அங்கிள்."

"ம்." கையிலிருந்த போனை மூடினார். "ஒண்ணு சொல்றேன், தப்பா எடுத்துக்காத. அது தன்னால போயிருச்சுன்னா கவுண்டிக்காரன் எதுக்கு வேலி போடப் போறான்? ஜொஹராவுக்கும் எடம் கெடைக்கும், பின்னால நமக்கும் கெடைக்கும். யாரும் வெட்டல, புடுங்கல. புருஷன எழந்தவ தண்ணி ஊத்துறா. நீ பாக்கலன்னு வச்சுக்கயேன்."

அவர் கெட்டவர் இல்லை. இந்த ஊரில் எங்கள் ஆட்கள் யார் மவுத்தானாலும் வேலைக்கு லீவு போட்டுவிட்டு முதலில் வந்து நிற்பவர் அவர்தான். அவர் சொன்னதில் நியாயமே இல்லை என்றால் எனக்கு இவ்வளவு எரிச்சல் வந்திருக்காது.

5

அடுத்த வெள்ளிக்கிழமை, நான் கூட்டிக்கொண்டு போகிறேன் என்று சொல்லி ராத்தாவை என் காரில் ஏற்றிக்கொண்டேன். கபரில் நின்று ஓதி முடித்தோம். அவர் கேனின் மூடியைத் திருகினார்.

"ராத்தா, அந்தப் பாறச் செடிக்கு மட்டும் ஊத்தாதீங்க."

"ஏன் புள்ள? கருகிக் கெடக்கே."

"கருகல. வெயில் முடியிற வரைக்கும் அது தண்ணி குடிக்காது. இப்ப ஊத்துனா அழுகிரும். அழுகிக்கிட்டிருக்கு."

"தண்ணி ஊத்தி எதாச்சும் சாவுமா? யாருகிட்ட கத விடுற?"

வேர், பூஞ்சை, சூடான மண் என்று நான் படித்ததையெல்லாம் எடுத்துவிட்டேன். பாதி தமிழ், பாதி ஆங்கிலம். ராத்தா கேட்கவில்லை. உட்கார்ந்து ஒரு செடியின் இலையைத் தொட்டார். அது கையோடு வந்தது. விரலை முகர்ந்து பார்த்து முகத்தைச் சுளித்தார்.

"எப்பத்தான் குடிக்கும்?"

"மழை வந்ததும்."

"அதுவரைக்கும் ஒரு சொட்டு?"

"வேணாம்."

இன்னொரு செடியின் இலையைத் தொட்டார். "அப்ப நோன்பு புடிச்சிருக்குன்னு சொல்லு" என்றார். கையைச் சட்டென்று இழுத்துக்கொண்டார். "நோன்பாளி வாயில தண்ணிய ஊத்தியிருக்கேனே, பாவி!"

கேனை மூடிவிட்டார். நான் கல்லூரியில் இரண்டு வருடம் படித்ததை அவர் ஒரு வாக்கியத்தில் முடித்தது எனக்குச் சிரிப்பாக இருந்தது. அத்தோடு விட்டிருக்கலாம். ஆனால் பஷீர் அங்கிளுக்குத் தெரிந்ததை அவருக்குத் தெரியாமல் வைப்பது எனக்குச் சரியாகப் படவில்லை. வேலி விஷயத்தைச் சொன்னேன்.

"அப்ப இது பொழைச்சா எனக்கு எடம் இல்ல."

"பாறைக்குப் பக்கத்துல வேலி வந்தா சந்தேகந்தான் ராத்தா."

"செத்துப்போனா?"

"கெடைக்கும்."

முகம் சிவந்துவிட்டது. "இத ஏன் எங்கிட்ட சொன்ன? சொல்லாம இருந்திருந்தா நான் எம்பாட்டுக்கு ஊத்திக்கிட்டுப் போயிருப்பேன்ல! அல்லாவுக்கு முன்னால எம்மேல ஒரு குத்தமும் இருந்திருக்காதுல!"

கேன்களை எடுத்துக் காரில் வைத்தேன். திரும்பி வரும்போது ஃப்ரீவே முழுக்க நெரிசல். ஜன்னலைப் பார்த்தபடியே ராத்தா சொன்னார். "முப்பது வருஷம் கடுதாசியில குடும்பம் நடத்துனவ நான். மவுத்துக்கப்பறமாச்சும் பக்கத்துல இருப்போம்னு நெனச்சேன். அது ஒரு பெரிய ஆசையா?"

அந்த வாரத்திலிருந்து ராத்தா மையவாடிக்குப் போகவில்லை என்று பஷீர் அங்கிள் சொன்னார். ஆலிவ் கொம்பு வாடியது. நான் ஊற்றலாம் என்று ஒரு நாள் கேனோடு போனேன். சரிவில் வழியும் தண்ணீர் பாறைக்குத்தான் போகும் என்று தோன்றி, கேனைத் திரும்பக் கொண்டுவந்தேன். கொம்பு காய்ந்தே போனது. ரமலான் வந்தது. வழக்கமாக முதல் நோன்பன்று ராத்தா வீட்டிலிருந்து எனக்கு ஒரு தூக்கு நோன்புக் கஞ்சி வரும். அந்த வருடம் வரவில்லை. நஸ்ரின்கூட கேட்டாள், "நோ கஞ்சி ஃப்ரம் ஜொஹரா ஆன்ட்டி?" என்று. நான் அடுப்பைப் பார்ப்பது போலத் திரும்பிக்கொண்டேன். ஒரு செடிக்காக ஒரு மனுஷியை இழந்துவிட்டோமே என்று உண்மையிலேயே அழுகை வந்தது.

6

பெருநாள் கழிந்து சில நாட்களில் முதல் மழை. பாறையில் தப்பியிருந்த டட்லியாக்கள் ஒரே வாரத்தில் இலை நிமிர்ந்து சாம்பல் பூசிக்கொண்டன. நோன்பு திறந்துவிட்டது என்று ராத்தாவுக்குப் போன் செய்து சொல்ல ஆசையாக இருந்தது. செய்யவில்லை.

சென்ற மாதம், கவுண்டி ஆள் வருவதற்குச் சில நாள் முன்பு, புல் பிடுங்கிக்கொண்டே கபர்ப் பக்கம் வந்தேன். காலியிடத்து மண்ணில், ஒரு கல்லின் ஓரத்தில், கடுகளவில் பச்சையாக என்னவோ தெரிந்தது. லென்ஸை எடுத்துப் பார்த்தேன். டட்லியாக் குஞ்சுகள். பாறையிலிருந்து விதை பறந்து வந்து ராத்தா கேட்ட இடத்திலேயே முளைத்திருந்தது. வேறு இடமா கிடைக்கவில்லை என்று அதைத் திட்டினேன்.

நேராக ராத்தா வீட்டுக்குப் போனேன். கதவைத் திறந்தார், உட்காரச் சொன்னார், டீ கொண்டுவந்து வைத்தார். சொன்னேன். எவ்வளவு சின்னது என்பதை நகத்தில் காட்டினேன். "இத நான் மறைக்க மாட்டேன் ராத்தா. கவுண்டி ஆள் வர்ற அன்னைக்கு அவருகிட்ட சொல்லித்தான் ஆகணும். உங்களுக்குத் தெரியாம சொல்லக் கூடாதுன்னுதான் வந்தேன்."

"டீய ஆற விடாத" என்றார். அவ்வளவுதான்.

கவுண்டி ஆள் வந்த அன்று காலையில் வெயில் அடித்தாலும் குளிர் எலும்பைத் தொட்டது. சூசன் வேறொரு குன்றில் இருந்தாள். பாறையைப் பற்றி நானே சொல்லிவிடுவேன் என்று என்னை நம்பி விட்டிருந்தாள். கவுண்டி ஆள் நல்ல உயரம், பொறுமையான மனிதர். கபர்கள் இருக்கும் இடம் என்று தெரிந்து மெதுவாகவே பேசினார். பஷீர் அங்கிளின் கார் வந்து நின்றது. அதிலிருந்து ராத்தா இறங்கினார். நான் எதிர்பார்க்கவில்லை. என் பக்கம் திரும்பாமல் காக்காவின் கபரருகே போய் நின்றுகொண்டார்.

கவுண்டி ஆள் பாறையைச் சுற்றி வந்தார். செடிகளைப் பார்த்தார், நாடா பிடித்து அளந்தார், கையிலிருந்த சின்னச் சின்ன ஆரஞ்சுக் கொடிகளை மண்ணில் குத்திக்கொண்டே வந்தார். அந்த வரிசை காலியிடத்துக்குக் கொஞ்சம் முன்னாலேயே திரும்பிவிட்டது. பஷீர் அங்கிள் என்னைப் பார்த்தார். அவர் முகம் மலர்ந்திருந்தது. ராத்தாவின் இடம் தப்பித்துவிட்டது.

"பாறையைத் தவிர வேறு எங்காவது பார்த்தீர்களா?" என்று அந்த மனிதர் என்னிடம் கேட்டார்.

நான் வாயைத் திறந்தேன். என் மணிக்கட்டை ஒரு கை பிடித்தது. ராத்தா எப்போது பக்கத்தில் வந்தார் என்று தெரியவில்லை. இறுக்கமான பிடி.

"நீ சும்மா இரு" என்றார்.

எனக்குச் சப்பென்று ஆகிவிட்டது. அவரைக் குறை சொல்லவும் மனம் வரவில்லை. என்ன செய்வது என்று நான் நிற்கும்போதே அவர் என் கையை விட்டார். சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு, காலியிடத்தில் குத்துக்காலிட்டு உட்கார்ந்தார். இரண்டு கை விரல்களாலும் புல்லைத் தலையில் ஈர் பார்ப்பது போல விலக்கினார். கண்ணைச் சுருக்கித் தேடினார். பிறகு நிமிர்ந்து அந்த மனிதரைப் பார்த்தார்.

"சார். பேபி. ஹியர்."

அவர் மண்டியிட்டுக் குனிந்தார். ராத்தா விரலால் காட்டிக்கொண்டே போனார். "இங்க ஒண்ணு. இந்தா, இங்க. மிதிச்சிராதீங்க சார்." அவர் தமிழில் சொன்னது அந்த மனிதருக்குப் புரிந்திருக்க வேண்டும், காலைப் பின்னால் எடுத்துக்கொண்டார். லென்ஸை வைத்து வெகு நேரம் பார்த்தார். இந்த இடம் யாருக்காவது ஒதுக்கியதா என்று என்னிடம் கேட்டார். நான் ராத்தாவிடம் கேட்டேன்.

"நான் கேட்டிருந்த எடந்தான். அதுக இருந்துக்கட்டும்னு சொல்லு." எழுந்து கையிலிருந்த மண்ணைத் தட்டினார். "நாம ஊனுன கொம்பு காஞ்சுபோச்சு. இது தன்னால வந்து பச்சையா நிக்கிது. அவரு பக்கத்துல அது ஓதிக்கிட்டு இருக்கட்டும்."

முதல் இரண்டு வாக்கியங்களை ஆங்கிலத்தில் சொன்னேன். மீதியைச் சொல்ல எனக்கு ஆங்கிலம் வரவில்லை. அந்த மனிதர் தலையை ஆட்டிவிட்டு, கொடிகளை ஒவ்வொன்றாகப் பிடுங்கி, காக்காவின் கபரை ஒட்டி நகர்த்திக் குத்தினார். பஷீர் அங்கிள் ஃப்ரீவே பக்கம் திரும்பி நின்றிருந்தார். பிறகு ராத்தா பக்கம் வந்து சொன்னார். "மேல் வரிசைல உனக்கு நல்ல எடமா பாத்து வக்கிறேன் ஜொஹரா."

திரும்பும்போது ராத்தா என் காரில் ஏறிக்கொண்டார். சீட் பெல்ட்டை மாட்டத் தெரியாமல் வழக்கம்போல் என்னிடம் நீட்டினார். நான் மாட்டிவிட்டேன். வாசலைத் தாண்டி ரோட்டுக்கு வந்த பிறகு கேட்டார்.

"மேல் வரிசையிலேருந்து பாத்தா அவரு இருக்குற எடம் தெரியுமா?"

"நல்லாத் தெரியும் ராத்தா. நடுவுல ஒண்ணும் மறைக்காது."

"அப்பப் போதும்" என்றார். "அவரு கொழும்புல இருந்தப்ப எனக்குக் கடல் மட்டுந்தான் தெரிஞ்சுச்சு."